நம்ம பக்கத்துல வந்ததுன்னா ஊர்ல நம்புறாங்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. மீம் கிடையாது, ஹேஷ்டேக் கிடையாது. பக்கத்தைப் பார்த்துக்கிற அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுறேன். அவர் முதல்ல, "இதை எதுக்குடா பொதுவுல பேசணும், குரூப்லயே சொல்லிடு"ன்னார். "குரூப்ல சொல்லியாச்சு அண்ணே. ரெண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாங்க. மூணாவது ஆள் அதுக்குக் கீழேயே ஒரு போலி நியூஸ் கார்டைப் போட்டார்"னேன். சிரிச்சுட்டு, "சரி எழுது"ன்னுட்டார்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன். பார்க்கிறது சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. (நம்ம தலைமுறையில இது சகஜம், சிரிக்காதீங்க.) வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கட்சி வேலை. காசு வாங்கிட்டுப் போடுறான்னு எதிர்த்தரப்புல சொல்லுவாங்க. நெட் பேக் போடுற காசே என் கையில இருந்துதான் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னா உங்க கதையும் அதுதான்.

விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழை நேரம். ராத்திரி பத்தே முக்கால் இருக்கும். மாவட்ட குரூப்ல ஒரு போட்டோ வந்து விழுந்துச்சு. நடுவுல ஒடிஞ்சு ஆத்துக்குள்ள தொங்குற ஒரு பாலம். "கட்டி ஆறே மாசம், லட்சணத்தைப் பாருங்க"ன்னு கீழே ஒரு வரி. எந்த ஊர்னு போட்டவர் சொல்லலை, நானும் கேட்கலை. நம்ம மாவட்டத்துல அந்த வருஷம் ரெண்டு மூணு பாலம் வேலை நடந்துச்சு. அதுல ஒண்ணாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். கொடி நிறத்துல பார்டர், மேல பெரிய எழுத்துல தலைப்பு, மூலையில தலைவர் படம். பத்து நிமிஷ வேலை. போட்டுட்டுப் படுக்கப் போறப்ப ஷேர் முன்னூறைத் தாண்டியிருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா அன்னைக்கு நான் ரொம்ப சந்தோஷமாத் தூங்கினேன்.

காலையில ஆறு மணிக்கெல்லாம் எதிர்த்தரப்புப் பையன் ஒருத்தன் அந்தப் போட்டோவைப் பெரிசாக்கி, பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு பலகைக்குச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தான். அதுல இருந்த எழுத்து தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, இந்தியாவுல எந்த மொழியும் இல்லை. பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்த வெளிநாட்டுப் போட்டோ. ஆபீஸ்ல ஒரு பட்டன் ரெண்டு பிக்சல் நகர்ந்திருந்தாக்கூட பக் போடுறவன் நான். ஒரு போட்டோவைப் பெரிசாக்கிப் பார்க்கலை.

பதிவை அழிச்சேன். ஒரு வார்த்தை எழுதலை. "எடுத்துட்டியா, விடு, நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது"ன்னு மூத்தவர் ஒருத்தர் ஆறுதல் சொன்னார். ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஞாபக மறதி கிடையாதுன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் அப்போ உறைக்கலை.

மாசி மாசம் வந்துச்சு. எங்க வார்டுல குழாய்த் தண்ணி மஞ்சளா வர ஆரம்பிச்சுச்சு. நாலு நாள் கழிச்சு சாக்கடை வாடை. தெருவுல அஞ்சாறு பிள்ளைங்களுக்கு வாந்தி பேதி, அதுல ஒரு ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. இட்லிக் கடை வச்சிருக்கிற அக்கா ஒருத்தங்க குழாய்க்கு முன்னாடி உட்கார்ந்து, ஒரு எவர்சில்வர் குடத்துல தண்ணியைப் பிடிச்சு, போன்ல வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினாங்க. நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து அதைப் போட்டேன். நூத்துக்கு நூறு உண்மை.

முதல் கமெண்ட்டா என்ன வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? பாலம். நாலு மாசத்துக்கு முன்னாடி நான் அழிச்ச அதே கார்டோட ஸ்கிரீன்ஷாட். "இது எந்த நாட்டுத் தண்ணி தம்பி?"ன்னு ஒரு கேள்வி, அதுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை வரிசை.

ஊர்ல ஒரு பேப்பருக்குப் பகுதி நேரமா செய்தி அனுப்புற அண்ணன் ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷன். அவர்கிட்ட ஓடினேன். "தம்பி, நீ சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியுது. ஆனா உங்க பக்கத்துல வந்ததை வச்சு நான் செய்தி அனுப்பினா டெஸ்க்ல சிரிப்பாங்க. அந்தப் பாலம் மேட்டரை அவங்களும் பார்த்தாங்க"ன்னார். அலுவலகத்துல கேட்டதுக்கு, அரசியலுக்காகப் பரப்புற வதந்தின்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அவங்களுக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

அந்த அக்கா கேட்டதுதான் இன்னும் காதுல இருக்கு. "ஏன் தம்பி, நான் என் கையால பிடிச்ச தண்ணி. அதைப் பொய்ன்னு எழுதுறாங்களே, அவங்க யாரு?" பாலத்துக் கதையை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொல்லலை. இதைப் படிச்சா தெரிஞ்சுக்குவாங்க.

கடைசியில எப்படி நடந்துச்சுன்னா, பழைய வழியில. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல தெருக்காரங்க முப்பது பேர் கையெழுத்து போட்டு மனு கொடுத்தோம். கட்சி லெட்டர் பேடு வேண்டாம், வெள்ளைத் தாள் போதும்னு நான்தான் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரசீது வாங்கி அந்தச் செய்தியாளர் அண்ணன்கிட்ட காட்டினப்புறம்தான் அவரால எழுத முடிஞ்சுச்சு. தோண்டிப் பார்த்தா, சாக்கடையைக் கடக்கிற இடத்துல குடிதண்ணிக் குழாயோட இணைப்பு விட்டுப்போயிருந்துச்சு. எங்க ஊர்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி திறப்பாங்க. தண்ணி ஓடும்போது குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கும், கசிவு வெளியே போகும். நிறுத்தினதும் அழுத்தம் குறைஞ்சு, அதே ஓட்டை வழியா வெளியே நிக்கிற சாக்கடையை உள்ளே இழுத்துக்கும். அரை நாள் வேலை அது. வீடியோ போட்ட நாள்ல இருந்து அதுக்குப் பதினோரு நாள் ஆச்சு.

இதை எழுதுறது மன்னிப்புக் கேட்கிறதுக்காக மட்டும் இல்லை. நம்ம கூட்டத்துல தினம் ஒரு தடவையாவது வர்ற ஒரு வார்த்தை இருக்கு: விலை போன ஊடகம். நானும் நிறைய தடவை எழுதியிருக்கேன். கோபத்துல நியாயமும் இருக்கு. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்போட பத்திரிகைச் சுதந்திரப் பட்டியல்ல 2023-ல 180 நாடுகள்ல இந்தியாவுக்கு 161-வது இடம். 2016-ல புது 2,000 ரூபாய் நோட்டுக்குள்ள சிப் இருக்கு, மண்ணுக்குள்ள புதைச்சாலும் செயற்கைக்கோள் கண்டுபிடிச்சுடும்னு ஸ்டுடியோவுல உட்கார்ந்து விளக்கினவங்களும் டிவிக்காரங்கதான்.

ஆனா ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? எந்த சேனலை விலை போனதுன்னு காலையில திட்டுறோமோ, அதே சேனல் லோகோ ஒட்டின கார்டு சாயங்காலம் நமக்குச் சாதகமா வந்தா, "பார்த்தியா, அவங்களே போட்டுட்டாங்க"ன்னு தூக்கிக்கிட்டு ஓடுறோம். ராத்திரி அந்த சேனலே அதே கார்டு மேல போலின்னு முத்திரை குத்திப் போடுது. அது மட்டும் நம்ம கண்ணுல படுறதில்லை. உண்மை சரிபார்க்கிறவங்க விஷயத்துலயும் இதே கணக்குதான். எதிர்த்தரப்புப் பொய்யைப் பிடிச்சா அவர் நடுநிலையாளர். நம்மளைப் பிடிச்சா அவருக்கு எங்கே இருந்து காசு வருதுன்னு கேட்கிறோம்.

எங்க தாத்தா டீக்கடையில பேப்பர் படிக்கிற ஆள். 'விடுதலை' யாரோட பேப்பர், 'முரசொலி' யாரோடது, 'தீக்கதிர்' யாரோடதுன்னு கடைக்கு வர்ற அத்தனை பேருக்கும் தெரியும். "அந்தப் பேப்பர்ல அப்படித்தான் போடுவான், இதுல என்ன போட்டிருக்கான் பாரு"ன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிப்பாங்க. சார்பு இருந்துச்சு, ஆனா சார்போட பேரும் விலாசமும் சேர்ந்தே இருந்துச்சு. பேப்பர்ல ஓரமா பொடி எழுத்துல ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சகம்னு ஒரு வரி வரும் பாருங்க. அது 1867-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தால வந்த வரி. அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2023-ல புதுசு வந்தாச்சு. வெள்ளைக்காரன் நம்மளைக் கண்காணிக்கத்தான் அதைக் கொண்டு வந்தான். ஆனாலும் அதனால வாசகனுக்கு ஒரு பிடி கிடைச்சுச்சு. பொய் எழுதினா யார் வாசல்ல போய் நிக்கணும்னு தெரியும். நமக்கு வர்ற கார்டுல அந்தப் பொடி எழுத்து எங்கே?

அந்த வரி இல்லாத செய்தி என்ன பண்ணும்னு நம்ம நாடு ரெண்டு தடவை நல்லாவே பார்த்திருக்கு. 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன சென்னைக் குடும்பம். வழியில குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த, அறுபது வயசைத் தாண்டின ஒரு அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவங்கன்னு நினைச்சு அடிச்சே கொன்னாங்க. ஊர் ஊரா பிள்ளை பிடிக்கிற கும்பல் சுத்துதுன்னு வாட்ஸ்அப்ல பரவின காலம் அது. அப்போ நாடு முழுக்கச் சுத்தின ஒரு வீடியோவுல பைக்ல வர்ற ரெண்டு பேர் தெருவுல விளையாடுற குழந்தையைத் தூக்கிட்டுப் போவாங்க. அது பாகிஸ்தான் கராச்சியில குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிட்டுப் போனவங்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டு, விழிப்புணர்வு வாசகம் எழுதின அட்டையைக் காட்டுற மாதிரி அது முடியும். அந்தக் கடைசிச் சில விநாடியை மட்டும் யாரோ வெட்டிட்டாங்க. ஒரே செய்தியை அஞ்சு பேருக்கு மேல ஒரே நேரத்துல பார்வர்டு பண்ண முடியாதுன்னு அந்த ஜூலையில வாட்ஸ்அப் இந்தியாவுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது இந்த மாதிரி சாவுகளுக்கு அப்புறம்தான்.

இன்னொண்ணு 2023 மார்ச். தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை வெட்டிக் கொல்றாங்கன்னு வடக்கே வீடியோ பறந்துச்சு. அப்போ டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு கேமரா முன்னாடி வந்து, ரெண்டு வீடியோவும் பழைய சம்பவம், ஒண்ணு திருப்பூர்ல பீகார் ஆளுங்களுக்குள்ளேயே நடந்த தகராறு, இன்னொண்ணு கோவையில உள்ளூர்க்காரங்க சண்டைன்னு விளக்கினார். இன்னொரு வீடியோ பாட்னாவுலயே நடிச்சு எடுத்ததுன்னு பீகார் போலீஸே கண்டுபிடிச்சுச்சு. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரிச்சுச்சு. ஆனா அதுக்குள்ள பயந்துபோன தொழிலாளிங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு ஸ்டேஷன்ல நின்னாங்க. அப்போ நாம எல்லாரும் என்ன கோபப்பட்டோம்! நம்ம ஊரைப் பத்தி ஊர் பேர் தெரியாதவன் பொய் பரப்புறானேன்னு விடிய விடிய பதிவு போட்டோம். சரியான கோபம். அதைப் பரப்பினவனும் அவன் ஊர்ல ஏதோ ஒரு குரூப்ல, பத்தே முக்கால் மணிக்கு, எந்த ஊர்னு கேட்காம, நம்ம ஆளுங்களைக் காப்பாத்துறோம்னு நினைச்சுக்கிட்டு பட்டனை அமுக்கினவனாத்தான் இருப்பான். என்னை மாதிரி.

"அவங்க மட்டும் போடலாமா? நாம மட்டும் நியாயம் பேசிக்கிட்டு இருந்தா தோத்துடுவோம்"னு எங்க குரூப்ல ஒரு தம்பி சொல்றான். வேகமான பையன், எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனுக்குப் பதில் சொல்றது சுலபம் இல்லை, ஏன்னா பாதி அவன் சொல்றது சரி. 2018-ல எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் ட்விட்டர்ல பத்து வருஷத்துக்கு மேல பரவின சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தாங்க. பொய்ச் செய்தியை மறுபடி பகிர்றதுக்கான வாய்ப்பு உண்மையை விட 70 சதவீதம் அதிகம். அதுக்குக் காரணம் பாட் கணக்குகள் இல்லை, மனுஷங்கதான்னும் எழுதினாங்க. அதனால பொய் ஓடும். அன்னைக்கு என் பாலம் ஓடுச்சே.

ஆனா தம்பி, நாம ஓட்டுக் கேட்கப் போறது ட்விட்டர்ல இல்லை. பூத்துல இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பேர்கிட்ட. அவங்களுக்கு என் வீடு தெரியும், எங்க அப்பா பேர் தெரியும். பெரிய கட்சிப் பேச்சாளர் டிவியில சொல்ற பொய் காத்தோட போயிடும், வார்டுல நான் சொல்ற பொய் என் வாசல்லயே கிடக்கும். அந்தத் தெருவுல அடுத்த தடவை நோட்டீஸ் கொடுக்கப் போனப்ப ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துட்டு, "இது இந்த ஊர் சேதிதானே?"ன்னு கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாவே கேட்டார்.

சட்டமும் பார்வர்டு பண்ணினவனை விடுறதில்லை. நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர் 2018-ல பெண் பத்திரிகையாளர்களைப் பத்தி வந்த ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கு ஞாபகம் இருக்கா? கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால படிக்காமலே பகிர்ந்துட்டார்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் அவர் தரப்புல சொல்லிப் பார்த்தாங்க. மன்னிப்புக் கேட்டு, பதிவை எடுத்ததையும் சொன்னாங்க. 2023-ல சென்னை உயர் நீதிமன்றமும் வழக்கை ரத்து பண்ணலை, சுப்ரீம் கோர்ட்டும் தலையிடலை. அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருந்துச்சு. நம்ம கிளைச் செயலாளர் மகனுக்கு?

இதுக்கு நேர் எதிர்த் தப்பும் நான் பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடுறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர் பக்கம் ராத்திரி ரோட்டைக் கடக்கிற முதலைன்னு ஒரு வீடியோ. பாலத்துல சூடுபட்டவன் ஆச்சே, "பழைய வீடியோ, வேற நாடு, நம்பாதீங்க"ன்னு நாலு குரூப்ல பெரிய மனுஷன் மாதிரி அறிவுரை எழுதினேன். அப்புறம் பார்த்தா வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாஹுவே, சென்னை நீர்நிலைகள்ல சில சதுப்பு முதலைகள் இருக்கு, மழையில தண்ணி நிரம்பினதால வெளியே வந்திருக்கு, பயப்பட வேண்டாம்னு விளக்கம் போட்டாங்க. எதையும் நம்பாதேன்னு சொல்றவனும் விசாரிக்காதவன்தான். எல்லாம் பொய்னு ஜனங்க முடிவு பண்ணிட்டா, தப்பு பண்ற அதிகாரிக்கு அதை விட வசதி என்ன இருக்கு? எங்க தண்ணி விஷயத்துல அதுதானே நடந்துச்சு.

இப்போ நான் என்ன பண்றேன்னு கேட்டா, பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்லை. போட்டோ வந்தா கூகுள் லென்ஸ்ல ஒரு தடவை போடுவேன், பத்து விநாடி. கார்டு வந்தா அந்த சேனலோட சொந்தப் பக்கத்துக்குப் போய், அந்தத் தேதியில அது இருக்கான்னு பார்ப்பேன். இல்லைன்னா கிடையாது, அவ்வளவுதான். வீடியோவுல பேச்சு திடீர்னு ஆரம்பிச்சு திடீர்னு முடிஞ்சா முழுசாத் தேடுவேன். அனுப்பினவர்கிட்ட, "அண்ணே, எந்த ஊர், எப்போ எடுத்தது, எடுத்தது யாரு?"ன்னு கேட்பேன். இதைக் கேட்டா சிலருக்குக் கோபம் வருது. "என்னையே சந்தேகப்படுறியா"ன்னு ஒரு பெரியப்பா குரூப்பை விட்டே போயிட்டார். அவர் வீட்டுக்குப் போய் காபி குடிச்சு மறுபடி சேர்த்துக் கூட்டிட்டு வந்தேன். கஷ்டம்தான், ஒரு பின்னிரவு டிரெண்டிங்கை விடக் கஷ்டம்.

தப்பாப் போட்டுட்டா? சத்தமில்லாம அழிக்கிறதில்லைன்னு எங்க நகரத்துல முடிவு பண்ணியிருக்கோம். அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, தப்புன்னு போடுறோம். முதல் தடவை போட்டப்ப எதிர்த்தரப்பு கொண்டாடிச்சு, நம்ம ஆளுங்களே திட்டினாங்க. இது வரைக்கும் மூணு தடவை போட்டாச்சு. மூணாவதுக்கு யாரும் பெரிசா சிரிக்கலை. போன மாசம் அந்தச் செய்தியாளர் அண்ணனே போன் பண்ணி, "தெருவிளக்கு பத்திப் போட்டிருக்கியே, ஒரிஜினல் வீடியோ இருக்கா, அனுப்பு"ன்னார். ரெண்டு வருஷம் ஆச்சு அந்தப் போன் வர.

அந்தப் பாலத்துக் கார்டுக்கு மட்டும் இது வரைக்கும் எழுதலை. இப்போ எழுதுறேன்: அந்தப் படம் நம்ம மாவட்டம் இல்லை, நம்ம நாடே இல்லை. விசாரிக்காமப் போட்டது நான். தப்பு.

அப்புறம், மேலத் தெருவுல மறுபடி தண்ணி கலங்கி வர்றதா ரெண்டு நாளா சொல்றாங்க. நாளைக்குக் காலையில ஆறரை மணிக்குத் தண்ணி திறப்பாங்க. அந்தத் தெருத் தோழர்கள் வீட்டுக் குழாய்ல வர்ற முதல் தண்ணியை ஒரு வெள்ளை பாட்டில்ல பிடிங்க. தெருப் பலகையில இருந்து குழாய் வரைக்கும் வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க, அன்னைக்குப் பேப்பரைப் பக்கத்துல வச்சுத் தேதி தெரியுற மாதிரி. எனக்கு அனுப்புங்க. நல்ல தண்ணியா வந்தா அதையும் எடுத்து அனுப்புங்க, அப்படியே போடுவோம்.